டிக்கிக்குள் ஒரு பொங்கல் கரண்டி: செடான்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சத்தத்தைப் பற்றியவைதான். மழை ஓய்ந்து சாலையெல்லாம் பல்லிளித்துக் கிடக்கிற நேரம், வேறென்ன வரும்? ஒரு வேண்டுகோள். ‘வண்டியில் சத்தம் வருகிறது’ என்று ஒற்றை வரியில் எழுதாதீர்கள். எந்த வேகத்தில், பிரேக் பிடித்தாலா, வளைத்தாலா, காலையில் முதல் தடவை எடுக்கும்போதா என்று எழுதுங்கள். டொக், லொட, கீச், ஊங் என்று நம் மொழியில் சத்தத்துக்கா பஞ்சம், தாராளமாக எழுதுங்கள்.

கேள்வி (திண்டுக்கல் வாசகர்): ஐயா, எட்டு வருடப் பெட்ரோல் செடான், 72,000 கி.மீ. ஓடியிருக்கிறது. வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கினால் முன்பக்கம் இடதுபுறம் ‘டொக் டொக்’ என்கிறது. நெடுஞ்சாலையில் 90-ல் போனாலும் ஒன்றும் கேட்காது. ஒர்க்‌ஷாப்பில் சொன்னார்கள் என்று முன்பக்கம் இரண்டு ஷாக்கையும் மாற்றிவிட்டேன். சத்தம் அப்படியே இருக்கிறது.

பதில்: ஷாக் மேல் பழியைப் போடுவது சுலபம், பில்லும் கனமாக வரும். எண்ணெய் கசியாத, பானெட்டை அழுத்தி விட்டால் ஒரே ஆட்டத்தில் நின்றுவிடுகிற ஷாக்கை மாற்றச் சொன்னால், ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். போகட்டும். நீங்கள் சொல்கிற அடையாளத்துக்கு எனக்கு முதல் சந்தேகம் லிங்க் ராடு மேல்தான். வண்டி வளைவில் சாயாமல் இருக்க இடது வலது சக்கரங்களை இணைத்து ஒரு கம்பி போகும், அதன் இரண்டு முனையிலும் விரல் தடிமனுக்கு நிற்பவைதான் இந்த ராடுகள். இவற்றின் பந்து மூட்டு தேய்ந்தால் மெதுவாகப் போகும்போதுதான் தட்டும்.

வீட்டிலேயே சோதிக்கலாம். ஆளில்லாத தெருவில் ஒரு வேகத்தடை மேல் முதலில் நேராக, இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறும்படி போங்கள். அப்புறம் சாய்வாக, ஒரு சக்கரம் முன்னால் ஏறும்படி போங்கள். நேராகப் போனால் அமைதி, சாய்வாகப் போனால் டொக் என்றால் லிங்க் ராடு அல்லது அந்தக் கம்பியைப் பிடித்திருக்கும் ரப்பர் புஷ். ஒரு சக்கரம் மட்டும் எழும்பும்போதுதான் அந்தக் கம்பி முறுக்கிக்கொள்ளும், அதனால்தான் இந்த வித்தியாசம். ஷாக்கோடு ஒப்பிட்டால் சின்னச் செலவு, ஜோடியாக மாற்றுங்கள்.

பிரேக் பிடிக்கும்போதும் மறுபடி நகர்த்தும்போதும் ஒரு ‘டக்’ கேட்டால் அது லோயர் ஆர்ம் புஷ், அதாவது சக்கரத்தைக் கீழிருந்து பிடித்திருக்கும் கையின் ரப்பர். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பும்போது ஸ்பிரிங் ‘டங்’ என்று துள்ளினால் ஷாக்குக்கு மேலே இருக்கும் மவுண்ட். லோயர் ஆர்ம் முனையில் இருக்கும் பால் ஜாயின்ட் ஆடுகிறது என்று மெக்கானிக் சொன்னால் மட்டும் ‘சம்பளம் வரட்டும்’ என்று தள்ளாதீர்கள், அது கழன்றால் சக்கரமே மடிந்துவிடும்.

இன்னொன்று. சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸின் விதிப்படி வேகத்தடை என்பது 3.7 மீட்டர் அகலத்தில் 10 செ.மீ. உயரத்துக்கு வழுவழுவென்று எழும்பி இறங்க வேண்டும், 25 கி.மீ. வேகத்தில் தாண்டலாம். நம் தெருக்களில் இருப்பது அதுவா? யாரோ ராத்திரியோடு ராத்திரியாகத் தார் கொட்டி வைத்த திண்ணை. ஐந்து பேரும் பைகளும் ஏறிய செடான் அதில் அடிவயிறு உரசாமல் போவதே பெரிது.

கேள்வி (கோவை): சார், 60-ஐத் தாண்டினால் ‘ஊங்’ என்று ஒரு இரைச்சல், வேகம் கூடக் கூட அதுவும் கூடுகிறது. பேரிங் என்கிறார் ஒருவர், டயர் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?

பதில்: இரண்டு பேரும் சரியாக இருக்கலாம், அதுதான் தொல்லை. முதலில் சாலையைக் கவனியுங்கள். புதுத் தாரில் குறைந்து, சிமென்ட் சாலையில் குரல் மாறினால் டயர். எந்தச் சாலையிலும் ஒரே குரலென்றால் பேரிங் பக்கம் சந்தேகம் வரும். அப்புறம் காலியான நேரான சாலையில், பின்னால் யாரும் வரவில்லை என்று பார்த்துவிட்டு, லேசாக இடது, லேசாக வலது என்று வண்டியை அசையுங்கள். இடது பக்கம் திருப்பும்போது பாரம் வலது சக்கரங்களுக்குப் போகும். அப்போது இரைச்சல் ஏறினால் வலது பேரிங். மறுபக்கம் ஏறினால் இடது. இரண்டுக்கும் மாறவில்லையென்றால் டயர்களை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டுப் பாருங்கள், சத்தமும் கூடவே இடம் மாறினால் வழக்கு முடிந்தது. டயர் ஓரத்தைக் கையால் தடவுங்கள், ரம்பம் மாதிரி ஒரு பக்கம் கீறினால் அலைன்மென்ட் ரொம்ப நாளாகச் சரியில்லை என்று அர்த்தம்.

டயரின் வயதையும் பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2318 என்றால் 2018-ம் வருடம் 23-வது வாரம் செய்தது. பட்டை தேயாமல் இருந்தாலும் ரப்பர் இறுகிப்போன பழைய டயர் கத்தத்தான் செய்யும். ‘ஓட்டமே இல்லையே சார்’ என்பார்கள், வெயிலில் நிற்பதும் டயருக்கு ஓட்டம்தான்.

கேள்வி (மதுரை, ஓய்வுபெற்ற ஆசிரியை): தம்பி, ஏசி போட்டால் டேஷ்போர்டுக்குள் யாரோ விசிறி மட்டையால் தட்டுவது போல ‘டிக்டிக்டிக்’ என்கிறது. ஃபேன் வேகத்தைக் கூட்டினால் தட்டலும் வேகமாகிறது. என் கார் வேப்பமரத்தடியில்தான் நிற்கும்.

பதில்: பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள் அம்மா. முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் அடியில் இருக்கும் சல்லடை வழியாகத்தான் வெளிக்காற்று உள்ளே போகிறது. அது வழியாக ஒரு வேப்பங்குச்சி புளோயருக்குள், அதாவது ஏசி காற்றைத் தள்ளும் ஃபேனுக்குள் இறங்கியிருக்கும். பல கார்களில் புளோயர் இருப்பது முன் பயணியின் கால்மாட்டில்தான், கழற்றித் துடைக்கச் சொல்லுங்கள். அப்படியே குளோவ்பாக்ஸுக்குப் பின்னால் ஏசி ஃபில்டரையும் வெளியே எடுத்துப் பாருங்கள், பார்த்தால் உடனே மாற்றச் சொல்வீர்கள். பத்து நாள் வண்டி எடுக்காவிட்டால் எலி குடியேறும், ஒயரைக் கடிக்கும். பிஸ்கட், கடலை எதையும் காரில் விட்டு வைக்காதீர்கள். மரத்தடியை விடச் சொல்ல மாட்டேன், மதுரை வெயிலில் நிழல் பெரிய விஷயம்.

கேள்வி (சென்னை): 2021-ல் வாங்கிய டீசல் செடான். வீட்டிலிருந்து அலுவலகம் 5 கி.மீ.தான். சில நாள் வண்டியை அணைத்த பிறகும் ரேடியேட்டர் ஃபேன் ‘ஹோ’வென்று ஓடுகிறது, சூடான வாசனை வேறு. இப்போது மஞ்சள் விளக்கும் எரிகிறது.

பதில்: அந்த விளக்கு டிபிஎஃப் எனும் கரி வடிகட்டியின் விளக்கா என்று கையேட்டில் பாருங்கள். 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பிஎஸ்-6 புகை விதி வந்தபோது டீசல் கார்களின் சைலன்சர் வரிசையில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று சேர்ந்துகொண்டது. நிறைந்ததும் அதைத் தானே சூடேற்றி எரித்துக்கொள்ளும், ஆனால் அதற்குத் தொடர்ந்து ஓட வேண்டும். நீங்களோ அது எரிக்க ஆரம்பித்ததும் ஆபீஸ் வந்துவிட்டது என்று அணைத்துவிடுகிறீர்கள். பாதிச் சமையலில் அடுப்பை அணைத்த கதை. ஞாயிறு காலையில் மாமல்லபுரம் பக்கம் ஒரு நடை போய்வாருங்கள், 60-க்குக் குறையாமல் ஒரு 20 நிமிடம் நிற்காமல் ஓட்டினால் பெரும்பாலும் விளக்கு அணைந்துவிடும். அணையவில்லை, பிக்கப்பும் குறைகிறது என்றால் மேலும் ஓட்டாமல் சர்வீஸுக்கு விடுங்கள். எஞ்சின் எண்ணெய் அளவு கம்பியில் மேல்கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்றும் பாருங்கள், அரைகுறையாக நின்ற எரிப்புகளால் டீசல் எண்ணெயில் கலந்திருக்கலாம். என் கருத்தைக் கேட்டால், தினம் 10 கி.மீ. ஓட்டத்துக்கு டீசல் கார் வேண்டியதே இல்லை. வாங்கிவிட்டீர்கள், என்ன செய்ய.

கேள்வி (நாகர்கோவில்): மழைக்காலத்தில் காலையில் முதல் பிரேக் ‘கர்ர்’ என்கிறது, அப்புறம் சரியாகிவிடுகிறது.

பதில்: டிஸ்க்கில் ராத்திரி படிந்த துரு, இரண்டு மூன்று பிரேக்கில் போய்விடும். பகல் முழுக்க ‘கீச்’ என்றால்தான் பிரேக் பேடைப் பாருங்கள், 3 மி.மீ. வந்துவிட்டால் மாற்றுங்கள். நனைந்த வண்டியைச் சமதளத்தில் நிறுத்தினால் ஹேண்ட்பிரேக்கை இழுக்காமல் முதல் கியரில் விட்டு, சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டக் கொடுங்கள். அப்போதுதான் பின் பிரேக் ட்ரம்மில் பிரேக் ஷூ ஒட்டிக்கொள்ளாது.

கேள்வி (சேலம்): சிக்னலில் கிளட்ச்சை மிதித்தால் ‘உய்ங்’ என்று கத்துகிறது, விட்டால் நின்றுவிடுகிறது.

பதில்: ரிலீஸ் பேரிங், மிதிக்கும்போது கிளட்ச்சை விடுவிப்பது அதுதான். நேர்மாறாக, விட்டால் கத்தி மிதித்தால் நின்றால் கியர்பாக்ஸ் உள்ளே இருக்கும் பேரிங், அது வேறு செலவு. எப்படியும் கியர்பாக்ஸை இறக்கத்தான் வேண்டும், கிளட்ச் தட்டும் தேய்ந்திருந்தால் மொத்த செட்டாக மாற்றிவிடுங்கள், கூலி ஒரு தடவையோடு போகும். சிக்னலில் 90 விநாடி என்று போட்டிருந்தால் நியூட்ரலுக்குப் போங்கள் சார், முதல் கியரில் கிளட்ச்சை மிதித்தபடி நிற்பதால்தான் இது.

கேள்வி (தஞ்சாவூர்): டிக்கியில் ‘லொடலொட’. மூன்று மெக்கானிக் பார்த்தாயிற்று.

பதில்: ஸ்டெப்னியை இறுக்கும் திருகு, ஜாக்கி, பின் சீட் பெல்ட் பக்கிள், பின் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் பலகை என்று வரிசையாகப் பாருங்கள். முதலில் டிக்கியை மொத்தமாகக் காலி செய்துவிட்டு ஓட்டுங்கள், மொத்தமாக என்றால் விரிப்பு வரைக்கும். என் காரில் ஒன்றரை மாதம் இதே சத்தம். பின் ஷாக் மவுண்ட்டுக்கு ஆர்டர் கொடுக்கிற வரைக்கும் போய்விட்டேன். கடைசியில் விரிப்புக்கு அடியில், ஸ்டெப்னிப் பள்ளத்துக்குள், குலதெய்வக் கோயிலுக்குப் போய்வந்த பொங்கல் கரண்டி கிடந்தது. அதைத் தேடி வீட்டில் வேலைக்கார அம்மாவைக்கூடக் கேட்டு முடித்திருந்தார்கள்.

கேள்வி (திருநெல்வேலி): வண்டியை அணைத்த பிறகு கீழே ‘டிக்... டிக்...’ என்கிறது, அதுவும் அஞ்சு நிமிஷத்துக்கு.

பதில்: சைலன்சர் குழாய் ஆறுகிறது. நீங்கள் போய்ச் சாப்பிடுங்கள்.