பி.எச்டி. எதற்கு? கேள்விகளும் பதில்களும்

உயிர்வேதியியலில் இருபத்திரண்டு ஆண்டுகள் நெறியாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். முனைவர் பட்டம் பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

செல்வி: உதவிப் பேராசிரியர் வேலைக்கு பி.எச்டி. கட்டாயமா மேடம்?

இல்லைம்மா. பல்கலைக்கழகங்களில் கட்டாயமாக்க 2018-இல் விதி போட்டார்கள், பிறகு தள்ளிப் போட்டார்கள். 2023 ஜூலையிலிருந்து நெட் என்ற தேசியத் தகுதித் தேர்விலோ செட் என்ற மாநிலத் தகுதித் தேர்விலோ தேர்ச்சி பெறுவதே குறைந்தபட்சத் தகுதி. வேலைதான் நோக்கம் என்றால் முதலில் நெட் எழுதுங்கள். பணம் கட்டி இதழில் கட்டுரை மட்டும் போட்டுவிடாதீர்கள்.

அருண்: வெளிநாட்டில் சம்பளம் கொடுத்து பி.எச்டி. செய்ய வைக்கிறார்களாமே?

நெதர்லாந்திலும் சுவீடனிலும் ஆய்வாளர்களில் பெரும்பாலோர் பல்கலைக்கழக ஊழியர்கள், தம்பி. ஒப்பந்தம், விடுப்பு எல்லாம் உண்டு. நம் ஊரில் ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தவருக்கு மாதம் 37,000 ரூபாய். கிடைக்காதவர்களே அதிகம்.

பி.எச்டி. எதற்கு என்ற நினைப்பே காலப்போக்கில் மாறியிருக்கிறது. 1810-இல் பெர்லினில் ஹம்போல்ட் பல்கலைக்கழகம் தொடங்கியபோது, ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து புது அறிவைத் தேடுவதுதான் கனவு. அமெரிக்காவில் யேல் 1861-இல் முதல் பி.எச்டி. பட்டங்களைத் தந்தது. இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு 1917-இல்தான் முனைவர் பட்டத்துக்கு இறங்கி வந்தது. படித்தவர் அடுத்த பேராசிரியராவார் என்ற நினைப்பு அன்று இருந்தது. 2005-இல் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் கூடியபோது, புது அறிவைத் தரும் சொந்த ஆய்வுதான் மையம், ஆனால் கல்லூரிக்கு வெளியே உள்ள வேலைகளுக்கும் ஆய்வாளர் தயாராக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். சீனாவில் 2025 ஜனவரியில் அமலான பட்டச் சட்டப்படி, தொழில்முறை முனைவர் பட்டத்துக்கு ஆய்வேட்டுக்குப் பதில் செய்து காட்டிய சாதனையையே சமர்ப்பிக்கலாம். இது எனக்குப் பிடித்திருக்கிறது. செய்ததை விளக்கத் தெரிந்தால் போதும்.

கோபாலன்: ஆய்வேட்டுக்கு முன் கட்டுரை வெளியிட வேண்டும் என்ற நிபந்தனையை யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2022-இல் எடுத்துவிட்டதே. தரம் போயிற்று.

ஐயா, நான் அப்படி நினைக்கவில்லை. நிபந்தனை இருந்தபோதுதான் காசு வாங்கிக்கொண்டு சில நாட்களில் வெளியிடும் இதழ்கள் செழித்தன. புறத்தேர்வாளராகப் போன ஒரு வைவாவில் (வாய்மொழித் தேர்வில்), மூன்று கட்டுரை வெளியிட்டிருந்த மாணவருக்குத் தன் வரைபடத்தில் உள்ள பிழைக்கோடு (அளவீடு எவ்வளவு முன்பின் இருக்கலாம் என்று காட்டும் கோடு) எதைக் குறிக்கிறது என்று தெரியவில்லை. மூன்றுக்கும் பணம் கட்டியிருந்தார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. எண்ணிக்கை கேட்டோம், எண்ணிக்கை கொடுத்தார்.

கோபாலன்: ஆய்வேட்டை யார் ஒழுங்காகப் படிக்கிறார்கள்? இதழிலாவது முகம் தெரியாத ஒருவர் படிப்பார்.

அது நியாயம். நல்ல இதழின் மதிப்பீட்டாளர் கேட்கும் கேள்வி என் மாணவர்களை வளர்த்திருக்கிறது, எழுதவும் வைத்தேன். ஆனால் நெறியாளர் கொடுக்கும் பட்டியலிலிருந்தே தேர்வாளரைப் போடும் வழக்கத்தை அல்லவா முதலில் தொட வேண்டும்? அதைத் தொடாமல் கட்டுரையை எண்ணினால் என்ன பயன்?

நிலா: தமிழ்த்துறையில் நாங்கள் நூலாக எழுதுகிறோம். எங்களுக்கும் கட்டுரைக் கணக்கா?

கூடாது. 200 பக்கம் ஓடும் ஒரே வாதத்தை நறுக்கினால் வாதமே செத்துவிடும். சில பல்கலைக்கழகங்கள் இன்னும் கட்டுரை கேட்கின்றன. சேரும் முன் விதிமுறையைப் படித்துவிடுங்கள்.

ராஜ்: எத்தனை வருடம் ஆகும்?

குறைந்தது மூன்று, அதிகபட்சம் ஆறு.

தீபா: பார்ட் டைமில் எத்தனை வருடம்?

மேலே பாருங்கள். அதே கணக்குதான்.

முத்து: இதழ் ஒன்று 6,000 ரூபாய்க்கு உடனே வெளியிடுகிறதாம், போடலாமா?

வேண்டாம். மூன்றாவது முறையாகச் சொல்கிறேன், வேண்டாம்.

கவிதா: நல்ல தலைப்பு ஒன்று சொல்லுங்கள் மேடம்.

தலைப்பு கேட்டு இன்று நான்கு பேர் எழுதிவிட்டார்கள், யாருக்கும் கொடுக்கவில்லை. உங்கள் எம்.எஸ்சி. புராஜெக்டில் எந்த முடிவு ஒத்துவராமல் தொந்தரவு செய்தது? அதைப் பத்து வரியில் எழுதி அனுப்புங்கள், படித்துவிட்டுப் பேசுவோம்.