அவன் குடித்தால் பக்கத்து அறைக்காரனுக்கு என்ன?

‘கல்லூரி மாணவன் குடித்தால் அவன் காசு, அவன் உடம்பு, மற்றவர்களுக்கு என்ன?’ என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஹார்வர்டின் ஹென்றி வெக்ஸ்லர் குழு 1993இல் அமெரிக்காவின் 140 கல்லூரிகளில் இதை ஆராய்ந்தது. 44 சதவீத மாணவர்கள் மிதமிஞ்சிக் குடிப்பவர்களாக இருந்தார்கள். அதாவது ஒரே தடவை உட்கார்ந்து, ஆண் என்றால் 5, பெண் என்றால் 4 கோப்பை மதுவாவது குடிப்பவர்கள். அடிதடி, பொருள் சேதம், பெண்களிடம் அத்துமீறல் எல்லாம் உண்டு. ஆனால் மற்றவர்கள் அதிகம் சொன்ன தொல்லை தூக்கமும் படிப்பும் கெடுவதுதான்.

எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. விடுதியில் ராத்திரி 2 மணிக்குக் குடித்துவிட்டு வந்தவன் கதவை இடிப்பான். வாந்தியைத் துடைத்து, அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்து, மூச்சு சீராக வருகிறதா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். காலையில் எனக்குத் தேர்வு. அவன் மத்தியானம் வரை தூங்குவான்.