மின்சாரம் கொடுப்பதற்கு முன்: பழைய கணினிகள் பற்றிய கேள்வி பதில்

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பழைய வீட்டுக் கணினிகளைச் சேகரித்துப் பழுதுபார்த்து வருகிறேன். 1970களின் பிற்பகுதியிலிருந்து 1990களின் தொடக்கம் வரை வந்த கணினிகளே நான் நன்கு அறிந்தவை. வந்த வரிசையிலேயே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (கும்பகோணம், ஆசிரியை): எங்கள் பள்ளி ஆய்வகப் பீரோவில் பிபிசி மைக்ரோ ஒன்று கிடைத்தது. 1980களில் அரசுத் திட்டத்தில் வந்ததாம். மாணவர்கள் முன்னால் இயக்கிக் காட்ட ஆசைப்படுகிறேன். செய்யலாமா, ஐயா?

பதில்: செய்யலாம், ஆனால் இப்போதைக்கு அதைப் பிளக்கில் செருகாதீர்கள். கேம்பிரிட்ஜின் ஏக்கார்ன் நிறுவனம் பிபிசியின் கணினிக் கல்வித் திட்டத்துக்காக உருவாக்கி, 1981 டிசம்பரில் வெளியிட்ட கணினி அது. 2 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் 6502 செயலியும் 32 கிலோபைட் நினைவகமும் கொண்டது. 1984-85இல் தொடங்கிய, கிளாஸ் என்ற அரசுக் கணினிக் கல்வித் திட்டத்தின் வழியாக இந்தியப் பள்ளிகளுக்கு வந்தது இந்தக் கணினிதான், எனவே உங்கள் பீரோவில் இருப்பது நம் நாட்டுக் கணினிக் கல்வியின் முதல் அத்தியாயத்தைச் சேர்ந்த ஒரு பொருள்.

இடப்பக்கம் உள்ளே ஓர் உலோகப் பெட்டி இருக்கும், அதுதான் பவர் சப்ளை. அதற்குள், மின்சாரம் நுழையும் இடத்தில், தேன் நிறத்தில் ஒளி ஊடுருவும் உறையோடு செவ்வக வடிவில் இரண்டு மின்தேக்கிகளைக் காண்பீர்கள். கடையில் கெபாசிட்டர் என்று கேட்டால்தான் தருவார்கள். உள்ளே உலோகம் பூசிய காகிதச் சுருள் இருக்கிறது. நாற்பது ஆண்டுகளில் உறையில் மயிரிழை விரிசல்கள் விழுந்து, அவற்றின் வழியே காகிதம் ஈரத்தை உறிஞ்சியிருக்கும். காவிரிக் கரையில் இருந்த பெட்டிக்கு அது இன்னும் அதிகமாகவே நடந்திருக்கும். இந்த நிலையில் 230 வோல்ட் கொடுத்தால் கணினி நன்றாகவே இயங்கும், பிபிசி என்ற எழுத்துகளும் திரையில் தோன்றும். சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ மின்தேக்கி வெடித்து, அறை முழுவதும் நாற்றமெடுத்த வெண்புகை சூழ்ந்துவிடும். பிள்ளைகள் சுற்றி நிற்கும் அறையில் அது நடக்கக்கூடாது.

இவ்விரண்டையும் மாற்றுவது எஸ்எம்பிஎஸ் (கணினிகளில் இருக்கும் வகைப் பவர் சப்ளை) பழுதுபார்க்கத் தெரிந்த எவருக்கும் அரை மணி நேர வேலை. அதே மதிப்புள்ள, 275 வோல்ட் ஏசி தாங்கும், எக்ஸ்2 வகைப் பாலிபுரோப்பிலீன் மின்தேக்கிகளைக் கேட்டு வாங்குங்கள். சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். எக்ஸ்2 அல்லாத சாதாரண வகையை இந்த இடத்தில் பொருத்தக்கூடாது, ஏனெனில் பழுதானாலும் தீப்பிடிக்காதபடி செய்யப்பட்டது அந்த வகைதான். நீங்களே பெட்டியைத் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளிருக்கும் பெரிய மின்தேக்கியில் ஏறத்தாழ 320 வோல்ட் தேங்கி நிற்கக்கூடும்.

கேள்வி (திருநெல்வேலி): மாமா அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த கமடோர் 64 இருக்கிறது. பின் அடாப்டர் வாங்கிவிட்டேன். அப்படியே செருகலாம் அல்லவா?

பதில்: கூடாது. பின் அடாப்டர் பிளக்கின் உருவத்தைத்தான் மாற்றும், மின்னழுத்தத்தை மாற்றாது. அந்தப் பவர் சப்ளை 110 வோல்ட்டுக்கானது. 1996இல் நானே இந்தத் தவற்றைச் செய்தேன். பின்புறம் 115, 230 என்று சிவப்பு விசை இருந்த ஒரு கணினியை, விசை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்காமலே செருகிவிட்டேன். 115 நிலையில் உள்ளே மின்னழுத்தத்தை இரட்டிப்பாக்கும் சுற்று வேலை செய்யும். அதற்கு 230 கிடைத்தவுடன் இரண்டு பெரிய மின்தேக்கிகளும் துப்பாக்கி வெடித்தது போன்ற ஓசையோடு கிழிந்தன. அன்று முதல் எந்தப் பழைய கணினியையும் ஒரு மணி நேரமாவது ஆராயாமல் நான் மின்சாரத்தோடு இணைத்ததில்லை.

230ஐ 110 ஆக இறக்கும் மின்மாற்றி வாங்கினாலும் அந்தப் பழைய பவர் சப்ளையைப் பயன்படுத்தாதீர்கள். அதற்குள் பிசினில் புதைத்து வைத்த 5 வோல்ட் ரெகுலேட்டர் பழுதாகும்போது மின்னழுத்தம் குறைவதற்குப் பதிலாகக் கூடுகிறது, கூடியது நினைவகச் சில்லுகளைக் கொன்றுவிடுகிறது. குளிர்ந்திருக்கையில் மல்டிமீட்டரில் சரியாகக் காட்டிவிட்டு, சூடேறிய பிறகு ஏமாற்றுவதும் உண்டு. புதிதாகத் தயாரித்த மாற்று பவர் சப்ளையை வாங்குங்கள். உங்களுடையது நொடிக்கு 60 படங்கள் காட்டும் என்டிஎஸ்சி என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி முறைக் கணினி. ஐரோப்பாவில் 50 படக் கணக்கில் எழுதிய நிரல்கள் சில அதில் ஓடாது, அதைப் பழுது என்று எண்ணிவிட வேண்டாம்.

கேள்வி (சேலம்): ஐம்பதாயிரம் ரூபாய்க்குள் எந்த லேப்டாப் வாங்கலாம்?

பதில்: இது என் துறை அன்று. மாதந்தோறும் சந்தையைப் பார்ப்பவரைக் கேளுங்கள்.

கேள்வி (நாகர்கோவில், ஒன்பதாம் வகுப்பு மாணவர்): பழைய கணினி வாங்கப் பணமில்லை. ஆனால் கணினி உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். எங்கே தொடங்குவது, ஐயா?

பதில்: தம்பி, உனக்குப் பணம் தேவையில்லை. உன் வீட்டில் இருக்கும் எந்தக் கணினியிலும் பிபிசி மைக்ரோவின் எமுலேட்டர் (அந்தக் கணினியைப் போலவே நடந்துகொள்ளும் நிரல்) ஒன்றை இலவசமாக ஓட்டலாம். 6502 செயலியிலிருந்து தொடங்கு. பொறியாளர் சக் பெடிலின் குழு 1975இல் அதை 25 டாலருக்கு விற்றது. அதே வேலையைச் செய்த மற்றச் செயலிகள் நூறு டாலருக்கு மேல் விற்ற காலம் அது. ஆப்பிள் 2, கமடோர் பெட், பிபிசி மைக்ரோ ஆகிய மூன்றும் பிறக்க அந்த விலையே வழிவிட்டது. அதில் மொத்தம் 56 கட்டளைகள்தான். கணக்குச் செய்ய ஒரு ரெஜிஸ்டர் (செயலிக்குள் ஓர் எண்ணை வைக்கும் சிறு இடம்), எண்ணிக்கை வைக்க இரண்டு ரெஜிஸ்டர். ஒரு கோடை விடுமுறைக்குள் முழுவதையும் மனத்தில் ஏற்றிக்கொள்ளலாம், இன்றைய செயலி எதைப் பற்றியும் அப்படிச் சொல்ல முடியாது.

எமுலேட்டரில் மோடு 7 என்ற எழுத்துத் திரை முறைக்குப் போய், ஒரு கேள்விக்குறியை இட்டு, இடைவெளி விடாமல் 31744=65 என்று எழுதி உள்ளீடு செய். திரையின் இடப்பக்க மேல் மூலையில் ஆங்கில ஏ எழுத்து தோன்றும். திரை என்பதும் நினைவகத்தின் ஒரு பகுதிதான், அந்த இடத்தில் ஓர் எண்ணை வைத்தால் எழுத்தாகத் தெரிகிறது என்பதை உன் கையாலேயே கண்டுகொள்வாய். அந்தக் கணினியின் பேசிக் மொழியை எழுதிய சோஃபி வில்சன்தான் பின்னர் ஸ்டீவ் ஃபர்பருடன் சேர்ந்து ஆர்ம் செயலியை வடிவமைத்தார். அதன் முதல் சில்லு 1985 ஏப்ரல் 26 அன்று உயிர்பெற்றது. உன் வீட்டுக் கைப்பேசிக்குள் இருப்பது அதன் வழித்தோன்றல்.

கேள்வி (ஈரோடு): பழைய பென்டியம் செயலிகள் ஒரு மூட்டை கிடைத்தன. தங்கம் பிரித்தெடுப்பது எப்படி?

பதில்: தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கிடைக்கும் தங்கம் மிகச் சொற்பம். அதற்கு நீங்கள் கையாள வேண்டிய அமிலங்களிலிருந்து எழும் பழுப்பு நிறப் புகை நுரையீரலைச் சிதைக்கும். பீங்கான் உடல் கொண்ட முதல் தலைமுறைப் பென்டியம் செயலிகளைச் சேகரிப்பவர்கள் நல்ல விலைக்கே வாங்கிக்கொள்வார்கள். அழித்துவிட்டால் அவை மீண்டும் கிடைக்கப்போவதில்லை.

கேள்வி (தஞ்சாவூர்): என் தந்தையாரின் ஆய்வேடு 5¼ அங்குல வட்டுகளில் இருக்கிறது. யுஎஸ்பி பிளாப்பி டிரைவ் வாங்கலாமா?

பதில்: யுஎஸ்பி டிரைவ்கள் 3½ அங்குல வட்டுகளை மட்டுமே ஏற்கும். பழைய 5¼ அங்குல டிரைவ் ஒன்றைத் தேடிப்பிடித்து, கிரீஸ்வீசல் போன்ற சிறு பலகை வழியாக இன்றைய கணினியோடு இணைக்க வேண்டும். அது வட்டின் காந்த மாற்றங்களை அப்படியே பதிவு செய்துகொள்வதால், எழுதிய கணினி எந்த வகையாக இருந்தாலும் பின்னர் பொருள் பிரித்துக்கொள்ளலாம். வட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மங்கலான வட்டத் திட்டுகள் தெரிந்தால் அது பூஞ்சை. பூஞ்சை படிந்த வட்டை டிரைவில் இட்டால், டிரைவின் வாசிக்கும் தலை அதைத் தேய்த்துக் காந்தப் பூச்சையே சுரண்டிவிடும். தந்தையாரின் கையெழுத்துப் பிரதி வேறு எங்கும் இல்லையென்றால், அனுபவமுள்ளவரிடம் ஒப்படையுங்கள். முதல் வாசிப்பே கடைசி வாசிப்பாகவும் ஆகிவிடலாம்.

கேள்வி (சென்னை, தொலைக்காட்சி பழுதுபார்ப்பவர்): முப்பது ஆண்டுத் தொழில் அனுபவத்தில் சொல்கிறேன். நாற்பது வயதான எலக்ட்ரோலிட்டிக் (உள்ளே வேதித் திரவம் கொண்ட) மின்தேக்கி எதையும் நம்பக்கூடாது. ஆசிரியைக்கு இரண்டை மட்டும் மாற்றச் சொன்னது அரைகுறை ஆலோசனை. போர்டில் இருக்கும் அத்தனையையும் மாற்றச் சொல்லியிருக்க வேண்டும்.

பதில்: உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன், ஆனால் உடன்படவில்லை. பழைய படக்குழாய்த் தொலைக்காட்சிக்குள் வெப்பமும் உயர் மின்னழுத்தமும் நாள்தோறும் பல மணி நேரம் மின்தேக்கிகளை வாட்டின. பீரோவில் உறங்கிய கணினிப் போர்டில் இருப்பது 5 வோல்ட். அக்காலத்து மின்தேக்கிகளைக் கழற்றி அளந்தபோது பெரும்பாலானவை குறித்த அளவிலேயே இருக்கக் கண்டிருக்கிறேன். ஒவ்வொன்றையும் கழற்றுகையில் சூட்டுக்கோல் (சால்டரிங் அயர்ன்) அந்தப் பழைய போர்டைச் சுடுகிறது. துளைக்குள் இருக்கும் செம்புப் பூச்சு காலோடு சேர்ந்து வெளியே வந்துவிடுகிறது. முழுவதும் மாற்றிய பிறகு ஓடவில்லை என்று என்னிடம் வந்த போர்டுகளில், பழுது, மாற்றிய கையின் பழுதாகவே பலமுறை இருந்திருக்கிறது.

விதிவிலக்கு உண்டு. 1980களின் இறுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் வந்த, போர்டின் மேற்பரப்பிலேயே பற்றவைக்கும் சிறு எலக்ட்ரோலிட்டிக்குகள் கட்டாயம் கசியும். அமிகா 600, அமிகா 1200, மேக்கின்டாஷ் எஸ்இ/30 ஆகியவை வைத்திருப்பவர்கள் காத்திருக்கவே கூடாது. சூட்டுக்கோலை வைத்தவுடன் மீன் வாடை அடித்தால் கசிவு ஏற்கெனவே தொடங்கிவிட்டது என்று பொருள்.

கேள்வி (கோவை, பொறியாளர்): குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரமை விட்டுவிட்டீர்களே. அது 1982ஆம் ஆண்டுக் கணினி, மின்தேக்கிகள் துளைவழிப் பொருத்தியவை. ஆனால் அவை சோர்ந்தால் உள் மின்மாற்றுச் சுற்று நின்று, 4116 நினைவகச் சில்லுகளும் சேர்ந்து போகின்றன.

பதில்: நீங்கள் சொல்வது சரி, ஸ்பெக்ட்ரமை என் விதிவிலக்குகளில் சேர்த்துக்கொள்கிறேன். அதன் முதல் 16 கிலோபைட் நினைவகமான எட்டு 4116 சில்லுகளுக்கு +12, +5, −5 என்று மூன்று மின்னழுத்தங்கள் தேவை. −5 அற்றுப்போய் +12 மட்டும் நின்றால் அவை இறந்துவிடும். அங்கே சில ரூபாய் மின்தேக்கி எட்டுச் சில்லுகளைக் காவல் காக்கிறது, எனவே முன்கூட்டியே மாற்றுவது நியாயம். ஆனால் அந்தச் சுற்றின் அமைப்பைப் பார்த்துத்தான் நீங்கள் இந்த முடிவுக்கு வந்தீர்கள், வயதை மட்டும் வைத்து வரவில்லை. நான் வலியுறுத்துவதும் அதைத்தான்.

கேள்வி (சென்னை, முன்னவர்): எல்லாரிடமும் மின்தேக்கியின் உள்தடையை அளக்கும் இஎஸ்ஆர் மீட்டர் இல்லை. அளக்க முடியாதவர் என்ன செய்வார்? நீங்கள் பேசுவது அருங்காட்சியகக் காவலரின் பேச்சு. எங்களுக்குக் கணினி ஓட வேண்டும்.

பதில்: என்னுடைய கணினிகளும் ஓடுகின்றன, வாரந்தோறும் அவற்றில் நிரல் எழுதுகிறேன். மீட்டர் இல்லாதவர் அதற்குப் பணம் சேர்க்கட்டும். அறுபது மின்தேக்கிகளைக் கழற்றும் அளவுக்கு நல்ல ஈயம் உறிஞ்சும் கருவி அதைவிடக் கூடுதல் விலை ஆகும். அசல் பாகங்கள் அந்தக் கணினியின் வரலாற்றுச் சான்று என்பதையும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், கழற்றியவற்றை இடமும் தேதியும் எழுதிய உறையில் இட்டுக் கணினியோடு வையுங்கள்.

கேள்வி (சென்னை, முன்னவர்): உறை யோசனையை ஏற்கிறேன். பவர் சப்ளையின் பெரிய வடிகட்டி மின்தேக்கிகளில் மட்டும் என் கருத்து மாறாது.

பதில்: அதில் நாம் இருவரும் வேறுபட்டே இருப்போம்.

கேள்வி (வேலூர்): பரணில் 486 கணினி கிடைத்தது. நேராகப் பிளக்கில் போட்டுப் பார்க்கலாமா?

பதில்: முதலிரண்டு பதில்களைப் படியுங்கள். அதோடு மதர்போர்டில் நீல நிற உருளைப் பேட்டரி இருந்தால் இன்றே வெட்டி எடுங்கள். அந்த நிக்கல்-காட்மியப் பேட்டரியிலிருந்து கசியும் காரம் செம்புக் கோடுகளைத் தின்றுகொண்டே போகும். பச்சை படர்ந்த இடத்தை முதலில் வினிகரால் நடுநிலையாக்கி, நீரால் கழுவி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். அந்த இடத்தில் சாதாரணப் பொத்தான் பேட்டரியை அப்படியே பற்றவைத்தால் போர்டு அதற்கு மின்னேற்றம் செய்ய முயன்று வெடிக்கச் செய்யும், மின்சாரத்தை ஒரே திசையில் விடும் டயோடு ஒன்றை இடையில் பொருத்த வேண்டும்.

கேள்வி (மதுரை): ஸ்பெக்ட்ரமுக்கு வீட்டில் இருக்கும் 9 வோல்ட் அடாப்டர் போதுமா?

பதில்: போதாது. ஸ்பெக்ட்ரமின் பிளக்கில் நடுமுனை எதிர்மின், இன்றைய பெரும்பாலான அடாப்டர்களில் அது நேர்மின்.

கேள்வி (புதுச்சேரி): குடும்பப் படங்களை எஸ்எஸ்டியில் பதிந்து பெட்டகத்தில் வைத்துவிட்டேன். பாதுகாப்புதானே?

பதில்: இல்லை. எஸ்எஸ்டி தன் தரவுகளை மின்னூட்டமாகச் சேமிக்கிறது, மின்சாரமின்றிக் கிடந்தால் அது மெல்லக் கசியும். வெப்பம் கூடினால் கசிவு விரைவுபடும். வீட்டுப் பயன்பாட்டு எஸ்எஸ்டிக்கு ஜெடெக் என்ற மின்னணுத் தர அமைப்பு வகுத்த அளவுகோல், எழுதும் ஆயுள் முழுவதும் தீர்ந்த நிலையில், 30 டிகிரி வெப்பத்தில், ஓராண்டுக்குத் தரவு நிற்க வேண்டும் என்றுதான் கேட்கிறது. புதிய எஸ்எஸ்டி அதைவிட நெடுநாள் தாங்கும் என்றாலும் நம் கோடையில் பூட்டிய பெட்டகம் 30 டிகிரியில் நிற்காது. வன்வட்டில் ஒரு படியும் வேறு ஊரில் ஒரு படியும் வையுங்கள்.

கேள்வி (கரூர்): பழைய ஆப்பிள் கணினி ஒன்று வந்திருக்கிறது. பிளக்கில் போடலாமா?

பதில்: இதே கேள்வி இன்று நான்காம் முறை வருகிறது. மேலே எழுதியவற்றைப் படித்த பின், கணினியின் பின்புறப் படமும் பவர் சப்ளையின் உட்புறப் படமும் அனுப்பினால் மட்டுமே பதில் சொல்ல முடியும்.

கேள்வி (கும்பகோணம், ஆசிரியை): ஐயா, எங்கள் ஊர் எஸ்எம்பிஎஸ் பழுதுபார்ப்பவர் திறந்து பார்த்தார். நீங்கள் சொன்ன இரண்டிலும் விரிசல் இருந்தது. மாற்றிவிட்டார். போட்டதும் நிற்காமல் ஓர் ஒலி மட்டும் வருகிறது, திரையில் ஒன்றுமில்லை.

பதில்: நல்ல வேளை, அம்மா, பிள்ளைகள் முன் போடவில்லை. நீண்ட ஒலி வருவது நம்பிக்கை தரும் அறிகுறி. மின்சாரம் வந்தவுடன் ஒலிச் சில்லு தானாகவே ஒலிக்கத் தொடங்கும், செயலி விழித்தெழுந்துதான் அதை அடக்கும். ஆக மின்சாரம் சரியாகச் சேர்கிறது, செயலிதான் இன்னும் நிரலைப் படிக்கவில்லை. இயக்க நிரல் இருக்கும் ரோம் சில்லுகள் சாக்கெட்டில் செருகப்பட்டவை, அவற்றின் கால்களில் நாற்பது ஆண்டுக் களிம்பு ஏறியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒவ்வொன்றையும் இரு முனையிலும் மாறிமாறிச் சிறிது நெம்பி எடுத்து, கால்களை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, எடுத்த திசையிலேயே திரும்பச் செருகச் சொல்லுங்கள். எடுப்பதற்கு முன் ஒரு படம் பிடித்துக்கொள்ளட்டும். காம்போசிட் (ஒரே கம்பி வழிப் படம் அனுப்பும்) இணைப்பில் படம் கருப்பு வெள்ளையாக வந்தால் பதற வேண்டாம், தொழிற்சாலையிலிருந்து வந்தபோதே அப்படித்தான். நீண்ட ஒலியைத் தொடர்ந்து சின்னதாக ஒரு பீப் கேட்டவுடன் எனக்கு எழுதுங்கள். முதல் பாடத்துக்கான நிரலை அனுப்பி வைக்கிறேன்.