கடலோரத்திலிருந்து மலைக்கு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மீன்பிடித் தடைக்காலத்தில்தான் எங்களுக்கு லீவு. படகைக் கரையேற்றி மராமத்துக்கு விட்டால் நடுவில் நாலு நாள் கிடைக்கும். கொடைக்கானல் போனால் இங்கிருப்பதைவிடக் கூட்டம். மரம், பறவை என்று நிம்மதியாகப் பார்க்க எங்கே போகலாம்? – பாம்பன் வாசகர்

பதில்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை, பள்ளிக்கூட விடுமுறையும் கிட்டத்தட்ட அதே நேரம், அதனால் ஊட்டி, கொடைக்கானல் இரண்டையும் இப்போதைக்கு மறந்துவிடுங்கள், 2024 மே முதல் அங்கே போக இ-பாஸ் வேறு எடுக்க வேண்டும். நான் சொல்வது சிறுமலை. மதுரை தாண்டித் திண்டுக்கல், அங்கிருந்து 25 கிலோமீட்டர் சுமாருக்கு, 18 கொண்டை ஊசி வளைவு, பஸ்ஸே போகிறது. ஸ்வெட்டர் குளிரெல்லாம் எதிர்பார்க்க வேண்டாம். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரி போல வெப்பம் குறையும், சிறுமலை ஊர் ஏறக்குறைய அந்த உயரம்தான், ஆக பாம்பனில் 36 என்றால் அங்கே 30. ஆனால் உப்புக்காற்றின் பிசுபிசுப்பு கிடையாது, அதுவே போதும்.

அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டால், போர்டு வைத்துக் காட்டும்படி பெரிதாக ஒன்றும் இல்லை, கூட்டம் இல்லாததற்குக் காரணமே அதுதான். பலா மரத்து நிழலில் காப்பிச் செடி, மரத்தைச் சுற்றி ஏறும் மிளகுக்கொடி, ஜீப் போக முடியாத தோட்டத்திலிருந்து வாழைத்தாரையும் எலுமிச்சை மூட்டையையும் முதுகில் சுமந்துகொண்டு சரிவில் இறங்கிவரும் குதிரைகள். சிறுமலை வாழைக்குப் புவிசார் குறியீடு உண்டு. முடிக்கொத்து நோய் வந்து தோட்டம் தோட்டமாக அழிந்தபின் மிஞ்சியது கொஞ்சம்தான், அதனால் ரோட்டோரத்தில் கிடைத்தால் பேரம் பேசாமல் ஒரு சீப்பு வாங்குங்கள். காலை வெயில் ஏறுவதற்குள் நடந்துவிடுவது நல்லது. காட்டுமாடு நின்றால் வண்டியிலேயே இருங்கள், போட்டோ எடுக்கிறேன் என்று இறங்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகாதீர்கள், அன்றைக்குத் திண்டுக்கல் பைக் எல்லாம் மேலேதான் நிற்கும்.

கேள்வி: ஒரே நாளில் போய்த் திரும்பும்படி நம் பக்கத்தில் மலை உண்டா? – தொண்டி வாசகர்

பதில்: உண்டு, பிரான்மலை. தேவகோட்டை, திருப்பத்தூர், சிங்கம்புணரி வழி. பாரியின் பறம்பு மலை இதுதான் என்பார்கள். அடிவாரத்தில் சம்பந்தர் பாடிய கொடுங்குன்றநாதர் கோயில், உச்சியில் தர்கா. உச்சியின் உயரம் 2000 அடிக்கு மேல், பாறை சுடுவதற்கு முன் இறங்கிவிட வேண்டும்.

கேள்வி: அம்மாவுக்கு மலைப்பாதையில் வாந்தி வரும். மேகமலை கூட்டிப்போகலாமா? – தேவிபட்டினம் வாசகி

பதில்: தாராளமாக. அலையில் ஆடாத வயிறு வளைவில் ஆடுவது நம் ஊர்க்காரர்கள் பலருக்கும் உண்டு, அம்மாவிடம் சொல்லுங்கள், சிரிப்பார்கள். முன்சீட்டில் உட்காரவைத்து, தூரத்து ரோட்டைப் பார்க்கச் சொல்லி, போனைக் கையில் கொடுக்காமல், காலையில் இரண்டு இட்லியோடு நிறுத்தினால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். சின்னமனூரிலிருந்து ஏறும் பாதை அது, மேலே தேயிலைத் தோட்டமும் அணைத் தண்ணீரும்தான், பெரிய கடைத்தெரு கிடையாது. மாத்திரை, பிஸ்கெட், டார்ச் எல்லாம் கீழேயே வாங்கிக்கொள்ளுங்கள். சுற்றியுள்ள காடு 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம், இருட்டினால் செக்போஸ்ட்டில் விடமாட்டார்கள், ஆகவே மதியத்துக்குள் மேலே போய்ச் சேருவது புத்திசாலித்தனம். தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் அட்டை கடிக்கும். அப்போது அம்மாவை நடக்கவைக்காதீர்கள், வராந்தாவில் நாற்காலி போட்டு மேகத்தைப் பார்க்கட்டும்.

கேள்வி: அடுப்பும் மசாலா தடவிய மீனும் எடுத்துப்போய் அங்கேயே பொரித்துச் சாப்பிட்டால் என்ன? – ஏர்வாடி வாசகர்

பதில்: ஆசை நியாயமானது, இடம்தான் தப்பு. காட்டுக்குள் நெருப்பு மூட்டுவது குற்றம். கோடையில் மலைப்புல் காய்ந்து கிடக்கும், தீ பிடித்தால் சரிவில் மேல்நோக்கி நாம் ஓடுவதைவிட வேகமாக ஏறும். 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போன 20க்கும் மேற்பட்டவர்கள் தீயில் மாட்டி இறந்தது நினைவிருக்கும். அதன் பிறகுதான் மலையேற்ற விதிகள் இறுகின. மீனை வீட்டிலேயே முறுகலாகப் பொரித்துப் பாத்திரத்தில் கட்டிக்கொள்ளுங்கள். முள்ளையும் சோற்றையும் வழியில் போடவேண்டாம், ஒரு தடவை வாசனை பிடித்த குரங்கும் பன்றியும் அடுத்து வருகிற வண்டியை மறிக்கும். பாட்டுப்பெட்டி கொண்டுபோகலாமா என்றும் இதே கடிதத்தில் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு ஏர்வாடிக் கடற்கரையே போதுமே, அவ்வளவு தூரம் டீசல் போட்டு ஏன் போக வேண்டும்?