ஒரு சிரட்டை மஞ்சாடி

கேள்வி: நண்பருடன் ஜோடி சேர்ந்து மினியேச்சர் போர் விளையாட்டுப் போட்டியில் ஆடியிருக்கிறீர்களா? தனியாக ஆடுவதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

ஆடியிருக்கிறேன். போன ஜூன் மாதம், சாரல் பெய்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாகர்கோவிலில். எட்டு ஜோடிகள், நான்கு பலகைகள், ஒரே நாளில் மூன்று ஆட்டம். திருவனந்தபுரத்திலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். சின்னக் கல்யாண மண்டபம் ஒன்றை வாடகைக்கு எடுத்து, பந்தி மேசைகளைப் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டிப் போட்டு, மேலே ப்ளைவுட் பலகை விரித்திருந்தார்கள். ஒவ்வொரு பலகையும் 60 அங்குல நீளம், 44 அங்குல அகலம்.

இந்த விளையாட்டே தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் ஆடுவது வார்ஹாமர் 40,000. இங்கிலாந்தின் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் 1987-ல் கொண்டுவந்தது. எங்கள் போட்டி 2023-ல் வந்த பத்தாம் பதிப்பு விதிகளின்படி நடந்தது. பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து துண்டு துண்டாக வெட்டியெடுத்து, ஒட்டி, வண்ணம் தீட்டிய விரல் உயரப் பொம்மைகள்தான் படை. அங்குல டேப்பால் அளந்து நகர்த்த வேண்டும், சுடுவதற்கும் வெட்டுவதற்கும் பகடை உருட்ட வேண்டும். மொத்தம் ஐந்து சுற்று, ஒவ்வொரு சுற்றிலும் இரு பக்கத்துக்கும் ஒவ்வொரு முறை. எதிரியை எவ்வளவு பேரைக் கொன்றாய் என்பதைவிட, பலகையில் குறித்திருக்கும் இடங்களை யார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்பதுதான் பெரும்பாலும் புள்ளியைத் தரும்.

ஜோடி ஆட்டத்தில் ஆளுக்கு 1,000 புள்ளிக்கான படை, இரண்டும் சேர்ந்து 2,000. (இது வெற்றிப் புள்ளி இல்லை, படையின் பலத்துக்கு வைத்திருக்கும் விலை.) விதித்தாளை நடத்துகிறவர்கள் முன்கூட்டியே தருவார்கள், அதைக் கட்டாயம் படித்துவிட்டுப் போங்கள். எங்கள் விதித்தாளில் இரண்டு விஷயம் முக்கியமாக இருந்தது. ஒருவருடைய படைக்கான சிறப்பு விதி இன்னொருவர் படைக்குச் செல்லாது. கமாண்ட் பாயின்ட் மட்டும் இருவருக்கும் பொது.

நான் சொல்ல வந்தது இந்தக் கமாண்ட் பாயின்ட்டைப் பற்றித்தான். அதற்கு முன்னால் என் கூட்டாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவனுக்குக் குளச்சல். 1741-ல் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்ததே, அந்தக் குளச்சல். சின்ன வயதிலிருந்து அந்த வெற்றித் தூணைப் பார்த்து வளர்ந்தவன். அந்தப் போரில் பிடிபட்ட டிலனாய் பிறகு திருவிதாங்கூர் படைக்கே பயிற்சி கொடுக்கும் தளபதியானார், அவருடைய கல்லறை புலியூர்க்குறிச்சிப் பக்கம் உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. அங்கே என்னைக் கூட்டிக்கொண்டு போய், கல்லறைக்குப் பக்கத்தில் நின்று ஒரு மணி நேரம் பேசியிருக்கிறான். எந்த ஆட்டத்திலும் அவனுக்கு இடத்தைப் பிடித்து நிற்பதில்தான் ஆசை. அதற்கேற்ற மாதிரி நெக்ரான் படை வைத்திருக்கிறான். உலோக எலும்புக்கூடுகள். மெதுவாக நகரும், ஆனால் விழுந்தவை அவனுடைய ஒவ்வொரு முறையின் தொடக்கத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து வரும். என்னுடையது ஓர்க் படை. பச்சைத் தோல் முரடர்கள், ஓடிப்போய் மோதினால்தான் அவர்களால் பயன். அவன் நிற்பான், நான் பாய்வேன். காகிதத்தில் பார்த்தால் இதைவிடப் பொருத்தமான ஜோடி கிடையாது.

தயாரிப்புக்கு இரண்டு மாதம் ஆனது. நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவ மழையும் உண்டு என்பதால் வண்ணம் தீட்டுகிறவர்களுக்கு அது ஒரு தனித் தொல்லை. ஈரக் காற்றில் ஸ்ப்ரே ப்ரைமர் (வண்ணத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) அடித்தால் பொம்மை மேல் பொடி மணல் தூவியது போலச் சொரசொரப்பாகப் படிந்துவிடும். என் ஓர்க் பத்துப் பேர் அப்படித்தான் பாழானார்கள். மீதியை எல்லாம் தூரிகையாலேயே ப்ரைமர் பூசினோம். பொம்மை நிற்கும் வட்டத் தட்டுக்கு மண் வேண்டும், அதற்கு முட்டத்துச் செம்மணலைச் சலித்து ஃபெவிக்காலில் ஒட்டினோம். செவ்வாய்க் கிரகத்து மண் என்று அதை விற்றால்கூட நம்புவார்கள், அவ்வளவு நல்ல நிறம்.

பொம்மைகளைக் கொண்டுபோவது எப்படி என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். தட்டுக்கு அடியில் சின்னக் காந்தத்தை ஒட்டி, உலோகப் பெட்டிக்குள் நிறுத்திவிடுவதுதான் வழி. வடசேரியில் ஒரு பாத்திரக் கடைக்குப் போய்க் கையில் காந்தத்தோடு ஒவ்வொரு எவர்சில்வர் டப்பாவாகத் தொட்டுப் பார்த்தேன். கடைக்கார அண்ணாச்சி, “தம்பிக்கு என்ன வேணும்?” என்று கேட்டபடி பக்கத்திலேயே நின்றார். நல்ல எவர்சில்வர் பலவற்றில் காந்தம் ஒட்டவே ஒட்டாது, நழுவி விழும். அண்ணாச்சிதான் சொன்னார்: “இதுக்குப் பழைய பிஸ்கட் டின்னுதான்பா ஒட்டும், தகரம்லா.” வீட்டுக்கு வந்து அம்மா அலமாரியில் வைத்திருந்த தகர டின்னில் வைத்தேன். டக்கென்று பிடித்துக்கொண்டது. குலுக்கினாலும் அசையவில்லை.

சரி, போட்டிக்கு வருகிறேன்.

கமாண்ட் பாயின்ட் என்பது படைத்தலைவனின் கைச்சேமிப்பு மாதிரி. நம் முறை தொடங்கும்போது ஒன்று கிடைக்கும், எதிரியின் முறை தொடங்கும்போதும் ஒன்று கிடைக்கும். அதைக் கொடுத்து ஒருமுறை உருட்டியதை மறுபடி உருட்டலாம், எதிரியின் முறையில் குறுக்கிட்டு ஏதாவது செய்யலாம். எண்ணி வைத்துக்கொள்ள நாங்கள் மஞ்சாடி விதைகளை வைத்திருந்தோம். அவன் வீட்டு முற்றத்து மரத்தில் விழுந்தவை, பளபளவென்று சிவப்பாக இருக்கும். ஒரு சிரட்டையில் போட்டுப் பலகை ஓரத்தில் வைத்தோம். என் பக்கத்து ஓரத்தில்.

முதல் ஆட்டம் நன்றாகப் போனது, வென்றோம். மதியம் மரச்சீனிக் கிழங்கும் மீன் கறியும்.

இரண்டாவது ஆட்டம் திருநெல்வேலியிலிருந்து வந்த அண்ணன் தங்கையோடு. ஒவ்வொரு முறைக்கும் முன்னால் இருவரும் பலகையிலிருந்து ஓரடி தள்ளிப் போய், குசுகுசுவென்று ஒரு நிமிடம் பேசிவிட்டு வருவார்கள். அதற்குப் பிறகு இருவரும் ஒரு வார்த்தைகூட விவாதிக்க மாட்டார்கள். அது அவர்கள் வழக்கம் என்று மட்டும் நினைத்தேன்.

மூன்றாம் சுற்று. சிரட்டையில் ஒரே ஒரு மஞ்சாடி. பலகையின் நடுவில் அவனுடைய லிச்கார்ட் ஐந்து பேர், அதாவது நெக்ரான் காவல் வீரர்கள், குறியிடத்தைப் பிடித்து நிற்கிறார்கள். நான் வெளியே வைத்திருந்த ஓர்க் கூட்டத்தைப் பக்கவாட்டிலிருந்து இறக்கினேன். அப்படி இறங்குகிற படை எதிரியிடமிருந்து 9 அங்குலத்துக்கு அப்பால்தான் நிற்க வேண்டும், ஆகவே பாய்ந்து மோத இரண்டு பகடையிலும் சேர்த்துக் குறைந்தது ஒன்பது விழ வேண்டும். இரண்டு பகடை உருட்டினால் வரக்கூடிய 36 வகையில் ஒன்பதோ அதற்கு மேலோ வருவது 10 வகை மட்டுமே. உருட்டினேன். ஆறு விழுந்தது.

கை தானாகச் சிரட்டைக்குப் போனது. மஞ்சாடியை எடுத்து வைத்துவிட்டு மறுபடி உருட்டினேன். ஐந்து.

அப்போதுதான் அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் அந்த மஞ்சாடியை வேறொன்றுக்காகச் சேர்த்து வைத்திருந்தான். எதிரியின் முறை தொடங்கும்போது இன்னொன்று வரும், இரண்டாகிவிடும். பாய்ந்து வந்தவர்கள்தான் கைகலப்பில் முதலில் வெட்டுவார்கள். ஆனால் அவர்களில் ஒரு பிரிவு வெட்டி முடித்ததும், இரண்டு பாயின்ட் கொடுத்தால் அடுத்த பிரிவு வெட்டுவதற்கு முன்னால் நம் பிரிவு திருப்பி வெட்டலாம். இரண்டு பக்கமிருந்தும் அவன் ஆட்கள் மேல் பாயப் போகிறார்கள் என்பது அவனுக்கு முன்பே தெரிந்திருந்தது. அப்படியே நடந்தது. தங்கையின் டெர்மினேட்டர்கள் என்ற கனத்த கவச வீரர்கள் ஒரு பக்கம், அண்ணனின் டைரனிட்கள் என்ற வேற்றுக்கிரகப் பிராணிகள் மறுபக்கம். சிரட்டையில் ஒன்றுதான் இருந்தது. அவன் லிச்கார்டுகள் ஒருமுறைகூட ஆயுதத்தைத் தூக்காமலேயே ஐந்து பேரும் விழுந்தார்கள். பிரிவு முழுதாக அழிந்துவிட்டால் நெக்ரான்கள்கூட எழுந்து வர முடியாது. அங்கேயே ஆட்டம் போய்விட்டது.

அவன் ஒவ்வொன்றாக எடுத்து டின்னுக்குள் வைத்தான். டக், டக் என்று காந்தம் பிடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. வைத்து முடித்துவிட்டுச் சொன்னான்: “மக்கா, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா.”

அவ்வளவுதான் சொன்னான். எனக்கு நெஞ்சில் இறங்கிவிட்டது. தோற்றதற்காக இல்லை. இரண்டு மாதம் ஞாயிறுதோறும் ஒரே மேசையில் உட்கார்ந்து வண்ணம் தீட்டியிருக்கிறோம். ஆட்டம் சூடானதும் பக்கத்தில் அவன் நிற்பதையே மறந்துவிட்டேன்.

உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். தனியாக ஆடும்போது யோசனை மனதுக்குள் நடக்கும், கை அதைச் செய்யும். ஜோடியாக ஆடும்போது யோசனையை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அதுவும் கை நீட்டுவதற்கு முன்னால். இரண்டே முக்கால் மணி நேர ஆட்டத்தில் இது எளிதில்லை. கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும், எதிரில் நிற்பவர்கள் காதில் விழாமல் பேச வேண்டும், நமக்குப் பளிச்சென்று தெரிகிற வழியைக் கூட்டாளி வேண்டாம் என்றால் விட்டுக்கொடுக்க வேண்டும். படையை எப்படிச் சேர்ப்பது என்பதற்கு ஆயிரம் பேர் யோசனை சொல்வார்கள். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன்.

மூன்றாவது ஆட்டத்துக்கு முன்னால் டீ குடிக்கப் போனோம். ரசவடை வாங்கினான், பாதியைப் பிய்த்து என்னிடம் நீட்டினான். “சிரட்டைய நடுவுல வச்சுருவோம்,” என்றேன். “வச்சுரு,” என்றான். ஒவ்வொரு முறைக்கும் முன்னால் அந்த அண்ணன் தங்கை மாதிரி ஒரு நிமிடம் தள்ளிப் போய்ப் பேசுவது என்றும் முடிவு செய்தோம். அவர்களிடமே போய், உங்களைப் பார்த்துத்தான் இதைச் செய்யப் போகிறோம் என்று சொன்னேன். அந்தத் தங்கைக்குச் சந்தோஷம். “நாங்களும் ஒரு தடவை நல்லா சண்டை போட்டுட்டுத்தான் அண்ணா இதுக்கு வந்தோம்,” என்றாள்.

கடைசி ஆட்டம், கடைசிச் சுற்று. சொல்லி வைத்த மாதிரி அதே நிலைமை. சிரட்டையில் ஒரு மஞ்சாடி, நடுவில் அவனுடைய லிச்கார்டுகள். எதிரணியின் பின்பக்கக் குறியிடத்துக்குப் பாய எனக்கு ஏழு வேண்டும், ஐந்து விழுந்திருந்தது. 36-ல் 21 வகை நமக்குச் சாதகம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கேட்டேன்: “போடட்டுமா?”

அவன் உடனே பதில் சொல்லவில்லை. நடுவிலிருந்த தன் ஆட்களைப் பார்த்தான், விரல் விட்டு எண்ணினான், என் பக்கம் வந்து குனிந்து தூரத்தை ஒருமுறை பார்த்தான். அந்த மஞ்சாடி போனால் லிச்கார்டுகள் தப்ப மாட்டார்கள் என்பது எங்கள் இருவருக்குமே தெரியும். “நடுவு போனாப் போட்டும்,” என்றான். “அவங்க ரெண்டு பேரும் இங்கதான் பாத்துட்டு நிக்காங்க. பின்னால பெருசா ஆளே இல்ல. உருட்டு.”

சிரட்டையிலிருந்து மஞ்சாடியை அவனே எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான். உருட்டினேன். ஆறும் இரண்டும், எட்டு. ஓர்க்குகள் போய் மோதி அந்த இடத்தைப் பிடித்தார்கள். அவன் சொன்னபடியே அடுத்த முறையில் நடு இடம் போனது. லிச்கார்டுகளும் போனார்கள். நடுவில் அவர்களுக்கு 5 புள்ளி, பின்னால் அவர்கள் இழந்தது 5 புள்ளி. கூட்டிப் பார்த்தால் ஆட்டம் சமம். எட்டு ஜோடிகளில் நாங்கள் நான்காவதாக வந்தோம். லிச்கார்டுகளை எடுத்து வைக்கும்போது இந்தத் தடவை அவன் பேசிக்கொண்டே வைத்தான். அந்தப் பாய்ச்சலைப் பற்றித்தான் பேச்சு, குளச்சல் பஸ் வரும் வரைக்கும்.

ராத்திரி வீட்டில் டின்னைத் திறந்து பார்த்தால் என் பச்சைக் கூட்டத்துக்கு நடுவில் அவனுடைய நெக்ரான் இரண்டு பேர் நிற்கிறார்கள், அவசரத்தில் மாறி வந்துவிட்டவர்கள். போன் பண்ணிச் சொன்னேன். “அங்கேயே நிக்கட்டும் மக்கா, ஞாயித்துக்கிழமை வாறேன்,” என்றான்.