கயிற்றுக்கும் பட்டைக்கும் நடுவே

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மாந்தோப்பில் கயிறு போட்டு ஏறிக் கவாத்து பண்ணுகிறோம். கயிறு ஓடின இடத்தில் கொப்பின் பட்டை உரிந்து பால் கசிகிறது. கயிறும் ஓரிடத்தில் பொசுங்கினாற்போல் பளபளக்கிறது. சாக்கை மடித்துப் போட்டால் போதுமா? (அம்பாசமுத்திரம் வாசகர்)

பதில்: கயிறு கொப்பின் மேல் ஓடுகிறதா, அசையாமல் கிடக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒரு நுனியை அடிமரத்தில் கட்டிவிட்டு மறுபக்கத்தில் ஏறினால் கயிறு ஓடாது. அதற்கு நாலாக மடித்த சாக்கு போதும். ஆனால் அப்படிக் கட்டும்போது கொப்பு உங்கள் எடையைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு தாங்க வேண்டும், 70 கிலோ ஆளுக்கு 140 கிலோ. கொப்பை அதற்குத் தகுந்தாற்போல் தேர்ந்தெடுங்கள்.

உங்களுடையது ஓடுகிற கயிறு. அதற்குச் சாக்கு நிற்காது. இழை பிரிந்து, நகர்ந்து, கொஞ்ச நேரத்தில் கயிறு மறுபடி பட்டையில்தான் கிடக்கும். பட்டைக்கு உள்ளே தாள் கனத்துக்கு இருக்கும் கேம்பியம் படலம்தான் புதுப் பட்டையையும் கட்டையையும் உண்டாக்குகிறது. அதைத் தேய்த்தெடுத்துவிட்டால் காயம் ஓரத்திலிருந்து மெல்ல மெல்லத்தான் மூடும். அதற்குள் தண்டு துளைப்பான் வண்டு அங்கே முட்டையிட வழி கிடைக்கும். மழைக்குப் பின் துளிர் விடும் சமயத்தில் பட்டை இன்னும் எளிதாக உரியும். முற்றின புளியும் வேம்பும் ஓரளவு தாங்கும். கொய்யா, மருது, இளம் மா தாங்காது.

இதற்குத் தோல் குழாய்தான் நல்லது. வீட்டிலேயே தைக்கலாம். செருப்புத் தைப்பவரிடம் 3 மி.மீ. கனத்தில் பெல்ட் தோல் கேளுங்கள். நீளத்துக்குக் கணக்கு உண்டு. 25 செ.மீ. குறுக்களவுள்ள கொப்பின் பாதிச் சுற்று சுமார் 40 செ.மீ. இரு பக்கமும் 10 செ.மீ. தொங்கவிட்டால் 60 செ.மீ. அகலம் 12 செ.மீ. இரு ஓரங்களையும் வெளிப்பக்கமாகச் சேர்த்து, ஓரத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே தள்ளி, 8 மி.மீ.க்கு ஒரு துளை போட்டு, தேன்மெழுகு தடவிய நைலான் நூலால் இரட்டைத் தையல் போடுங்கள். உள்ளே 3 செ.மீ. இடம் கிடைக்கும். 12 மி.மீ. கயிறு தாராளமாக ஓடும். இறுக்கமாகத் தைத்தால் வளைவில் கயிறு பிடித்துக்கொள்ளும். தையல் கொப்பின் பக்கவாட்டில் இருக்க வேண்டும். கயிற்றுக்கு அடியில் வந்தால் நூல் முதலில் தேயும்.

மாட்டுவது தரையிலிருந்தே முடியும். 300 முதல் 400 கிராம் மணல் பை கட்டிய மெல்லிய கயிற்றைக் கவட்டையில் எறிந்து, அதைக் கொண்டு ஏறும் கயிற்றை மேலே இழுங்கள். பிறகு குழாயைக் கயிற்றில் கோத்து, அதன் முனைத் துளையில் நீளமான மெல்லிய கயிறு ஒன்றைக் கட்டி, அதையே ஏறும் கயிற்றோடு சேர்த்து இழுத்தால் அவிழும் முடிச்சாகப் போடுங்கள். மறுபக்கத்திலிருந்து இழுத்தால் குழாய் மேலே போய்க் கொப்பில் உட்காரும். மெல்லிய கயிற்றைச் சுண்டினால் முடிச்சு அவிழும், குழாய் அங்கேயே நிற்கும். வேலை முடிந்ததும் அதே கயிற்றால் குழாயைக் கீழே இழுத்துக்கொள்ளலாம்.

மோட்டாருக்குப் போடும் நீல பிளாஸ்டிக் ஹோஸ் வேண்டாம். கயிறு வேகமாக ஓடும்போது சூட்டில் இளகி ஒட்டும். லாரி டியூப் ரப்பர் கயிற்றைப் பிடித்து நிறுத்திவிடும். பழைய தீயணைப்பு ஹோஸ் கிடைத்தால் தோலுக்கு மாற்றாகலாம். கித்தான் பக்கம் உள்ளே வருமாறு புரட்டிப் போடுங்கள்.

பொசுங்கின கயிற்றை விரலால் மடக்கிப் பாருங்கள். பளபளக்கிற இடம் விறைப்பாக இருந்தால் இழைகள் உருகி ஒட்டியிருக்கின்றன. அந்தக் கயிற்றில் இனி ஏற வேண்டாம்.

கேள்வி: பட்டைநாடாவில் (கொப்பின் மேல் போடும் தட்டையான நெசவு நாடா) இரண்டு இரும்பு வளையம் கோத்து, அதன் வழியே கயிறு விட்டால் பட்டையில் கயிறே படாது என்கிறார்கள். வளையத்தைப் பட்டறையில் வெல்டு வைத்துச் செய்யலாமா? (தென்காசி வாசகர்)

பதில்: முறை சரி, பட்டறை வளையம் கூடாது. பட்டைக்கும் கயிற்றுக்கும் நடுவே வைப்பதை வீட்டில் செய்யலாம். ஆளின் எடையைத் தாங்குவதைச் செய்யக் கூடாது. வெல்டுக்குள் குமிழி இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. மாட்டுச் சங்கிலி வளையமும் அப்படித்தான்.

தாங்குதிறன் பொறித்த, காய்ச்சி அடித்துச் செய்த வளையங்களை வாங்குங்கள், ஒன்று பெரிது, ஒன்று சிறிது. பட்டைநாடாவுக்கு இரு முனையிலும் கண் உள்ள, 1 டன் பாலியஸ்டர் ஸ்லிங் எடுங்கள். நிறம் ஊதா, தாங்குதிறன் எழுதிய சீட்டு கிழியாமல் இருக்க வேண்டும். அது பட்டையில் அசையாமல் கிடப்பதால் கீழே வேறு மெத்தை தேவையில்லை. இறக்கும்போது கயிற்றின் நுனியில் பெரிய வளையத்தில் நுழைந்து சின்னதில் சிக்கும் அளவுக்கு உருண்டை கட்டி, சின்ன வளையத்தின் பக்கமிருந்து இழுத்தால் எல்லாம் கீழே வந்துவிடும். அடியில் ஆள் நிற்கக் கூடாது.

வளையத்துக்குப் பதில் திருகு ஷேக்கிள் (திருகாணியால் மூடும் U வடிவ இரும்புக் கொளுவி) போடுகிறவர்கள் ஓடும் கயிறு திருகாணியில் உரசாமல் பார்க்க வேண்டும். உரசினால் ஆணி தானாகவே கழன்றுவிடும்.

கேள்வி: கடையில் எல்லாவற்றையும் நைலான் கயிறு என்றுதான் தருகிறார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது? (வள்ளியூர் வாசகர்)

பதில்: விரல் நீளத் துண்டை வாளித் தண்ணீரில் போட்டு, காற்றுக் குமிழி போகப் பிசையுங்கள். மூழ்கினால் நைலான் அல்லது பாலியஸ்டர். மிதந்தால் பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலிஎத்திலீன். பாலிப்ரொப்பிலீன் 165 டிகிரி வாக்கில் உருகிவிடும், நைலான் 220 டிகிரி தாண்டும். மிதக்கிற கயிற்றில் ஆள் ஏறக் கூடாது. மூழ்குவதெல்லாம் ஏறும் கயிறும் அல்ல. மரமேறவும் மலையேறவும் என்று செய்த, தாங்குதிறன் எழுதிய கயிறாக இருக்க வேண்டும்.

உங்கள் பக்கத்துச் செம்மணல் இழைக்குள் புகுந்து உள்ளிருந்தே அறுக்கும். தார்ப்பாய் விரித்து அதில் கயிற்றைப் போடுங்கள். வெறும் தண்ணீரில் அலசி நிழலில் காயவையுங்கள். டிராக்டர் பேட்டரி இருக்கும் அலமாரியில் வைக்காதீர்கள். அமிலம் பட்ட நைலான் பார்வைக்கு நன்றாக இருந்துகொண்டே வலுவிழந்துவிடும்.

கேள்வி: தென்னையில் ஏற அரிவாளால் படி வெட்டுகிறார்கள். மரம் தானாக ஆறிவிடுமா? (உடன்குடி வாசகர்)

பதில்: ஆறாது. தென்னை, பனை இரண்டுக்கும் கேம்பியம் கிடையாது. வெட்டின தழும்பு மரம் இருக்கும் வரை அப்படியே இருக்கும், சிவப்புக் கூன்வண்டு முட்டையிட இடமாகும். பனையேறிகள் காலில் மாட்டும் தளைநார் மரத்தில் வெட்டுப்போடாமலே பிடி கொடுக்கிறது. இரும்புக் கம்பி வளையமுள்ள ஏறும் கருவியில் ஏறுகிறவர்கள் கம்பி மேலுள்ள ரப்பர் ஹோஸைத் தினமும் கையால் தடவிப் பார்க்க வேண்டும். கம்பி வெளியே தெரிந்தால் மரத்தையும் கீறும், பிடியும் வழுக்கும். ஹோஸை மாற்றிய பிறகே ஏறுங்கள்.