திடீர் தேர்தல் நல்லதா, நாள் குறித்த தேர்தல் நல்லதா?

ஆட்சியில் இருப்பவர் நினைத்த நேரத்தில் சபையைக் கலைத்துத் தேர்தலுக்குப் போவது சரியா, அமெரிக்கா போல நாள் குறிப்பது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர் போலிருக்கிறது. நான் அரூரில் புளி வியாபாரி. எந்தக் கட்சியின் உறுப்பினர் அட்டையும் என்னிடம் இல்லை.

என் ஓட்டு நாள் குறித்த முறைக்கு. அமெரிக்காவின் அடுத்த அதிபர் தேர்தல் 2028 நவம்பர் 7 என்று இன்றே சொல்லிவிடலாம். பிரிட்டனும் 2011இல் அப்படிச் சட்டம் போட்டது. ஆனால் 2017இல் அந்நாட்டுப் பிரதமர் தெரசா மே முன்கூட்டியே தேர்தல் வைத்துப் பெரும்பான்மையை இழந்தார்; 2022இல் சட்டத்தையே நீக்கிவிட்டார்கள். ஸ்வீடனில் இடையில் தேர்தல் வந்தாலும் பழைய நான்காண்டுக் கணக்கு மாறாது. நார்வேயில் கலைக்கவே வழியில்லை. இங்கே 1971இல் கருணாநிதி முன்கூட்டிக் கலைத்து வென்றார். 2004இல் வாஜ்பாய் தோற்றார்.

ஆனால் நம் நாட்டில் ஐந்தாண்டு முழுதாக ஓடினாலும் தேதி கடைசியில்தான் தெரியும். 2019இல் மார்ச் 10 அன்று அறிவித்தார்கள். உடனே நடத்தை விதிகள். எங்களுக்கு அது புளி உலுக்கி, ஓடு உடைத்து, கொட்டை எடுக்கிற காலம். மரம் ஏறுகிறவருக்கும் கொட்டை எடுக்கிற பெண்களுக்கும் கூலி ரொக்கம்தான். தேர்தல் நேரத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கொண்டுபோனால் ஆவணம் வேண்டுமாம். மொரப்பூர் சாலையில் பறக்கும் படை என் பணத்தைப் பிடித்துக்கொண்டது. புளியமரத்துக்காரர் எந்த ஊரில் பில் போட்டுத் தருகிறார்? வங்கிச் சீட்டைக் காட்டியிருக்கலாமே என்று எழுத வருபவர்களுக்கு: அது சரக்கு விற்று வந்த பணம், வங்கியில் எடுத்ததல்ல. திரும்பக் கிடைத்தது, கூலி நாள் கடந்த பிறகு. தேதி முன்பே தெரிந்தால் ஓட்டுக்குப் பணம் கொடுப்பவன் முன்பே பதுக்குவான் என்பீர்கள். இப்போது மட்டும் பிடிபடுகிறவன் அவனா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2017 செப்டம்பரில் 18 எம்எல்ஏக்களைத் தகுதி நீக்கம் செய்தபோது அரூரும் பாப்பிரெட்டிப்பட்டியும் காலியாயின. ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் வைக்க வேண்டும் என்பது சட்டம். வழக்கு நடந்தது, தெரியும். ஆனாலும் 2019 ஏப்ரல் 18இல்தான் இடைத்தேர்தல் நடந்தது; மே 23இல் முடிவு வரும்வரை எங்களுக்கு ஆளில்லை. அந்த நாட்களில் தெருக்குழாய் விஷயமாக ஓர் அலுவலகத்துக்கு மனுவோடு போனோம். எம்எல்ஏவிடம் பரிந்துரைக் கடிதம் வாங்கி வரச் சொன்னார்கள்.